மீட்டர் போர்டிலிருந்து பார்க்கிங் வரை: சென்னையின் மின் வாகனக் கணக்கு

மின்சார ஸ்கூட்டரோ காரோ வாங்கலாமா என்று சென்னையில் யார் பேச்செடுத்தாலும் உடனே எதிரே வரும் கேள்வி, "சார்ஜிங் ஸ்டேஷன் எங்கே இருக்கு?" என்பதுதான். பெட்ரோல் பங்க்கை வைத்தே வண்டியைப் பற்றி யோசித்துப் பழகியவர்கள் நாம். கேள்வி இயல்பானதுதான். ஆனால் ஊருக்குள் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை ஸ்டேஷன் பக்கமே போவதில்லை. ராத்திரி நிற்கிற இடத்திலேயே சார்ஜ் ஏறி, காலையில் கிளம்பிவிடுகின்றன. அதனால் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு: வண்டி நிற்கிற இடத்துக்கும் தன் பெயரில் உள்ள மீட்டருக்கும் நடுவே ஒரு ஒயர் இழுக்க முடியுமா? முடியும் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. முடியாது என்றால், தெருமுனையில் ஸ்டேஷன் வந்தாலும் பெரிய நிம்மதி கிடையாது.

சென்னையில் மின் வாகனம் யாருக்கு எளிதாகிறது, யாருக்கு எட்டாமல் இருக்கிறது என்பதை இந்த ஒயரை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

தயாரிப்பில் தமிழ்நாட்டுக்குக் குறையே இல்லை. ஓசூரில் டிவிஎஸ், ஏதர். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா. ராணிப்பேட்டையில் ஆம்பியர். ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் 2025 ஜனவரியில் கிரெட்டாவின் மின்சார வடிவத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. நாட்டில் தயாராகும் மின் வாகனங்களில் சுமார் 40 சதவீதம் இங்கிருந்துதான் என்று மாநில அரசு சொல்லிவருகிறது. ஆனால் பொது சார்ஜிங் நிலையங்களின் எண்ணிக்கையில் கர்நாடகம்தான் முன்னால் நிற்கிறது. இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. ஏதரைத் தொடங்கியவர்கள் ஐஐடி மெட்ராஸில் படித்தவர்கள். அவர்களுடைய ஸ்கூட்டர் 2018இல் முதலில் பெங்களூருவில் விற்பனைக்கு வந்தது. சென்னைக்கு வர 2019 ஆனது.

மாநிலத்தின் மின் வாகனக் கொள்கையும் 2019இல்தான் வந்தது. 2023இல் அதைத் திருத்தினார்கள். இரண்டிலும் கனம் அதிகம் ஆலை முதலீட்டின் பக்கம்தான். வாங்குகிறவருக்கு நேரடியாகக் கிடைத்த பெரிய சலுகை சாலை வரி விலக்கு. 2023 கொள்கை இதை 2025 டிசம்பர் இறுதி வரை தந்தது. சலுகை லேசானதல்ல. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வரி விகிதப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு வரி 18 சதவீதம். 15 லட்ச ரூபாய் காருக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். ஒன்றிய அரசின் மானியம் இதற்கு எதிர்த்திசையில் நகர்ந்தது. ஸ்கூட்டருக்கு ஒரு கிலோவாட்-மணி (பில்லில் வரும் ஒரு யூனிட்) பேட்டரிக்கு 2021இல் 15,000 ரூபாய் என்றிருந்தது, 2023 ஜூனில் 10,000 ஆனது. 2024 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஏப்ரலில் அதுவும் பாதியானது.

சரி, ஒயருக்கு வருவோம்.

ஒரு மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி பொதுவாக 2 முதல் 4 கிலோவாட்-மணி. 3 கிலோவாட்-மணி பேட்டரியை முழுக்க நிரப்ப, வீணாவதையும் சேர்த்து மூன்றரை யூனிட் ஆகும். அதில் 80, 90 கிலோமீட்டர் ஓடலாம். வீட்டு சார்ஜர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட ஓர் அயர்ன் பாக்ஸ் இழுப்பதுதான். நல்ல எர்த் உள்ள 15 ஆம்ப் பாயின்ட் ஒன்று இருந்தால் போதும். கார் அப்படியில்லை. 25 முதல் 50 கிலோவாட்-மணி பேட்டரியை 15 ஆம்ப் பாயின்டில் நிரப்ப ஒரு ராத்திரி போதாமல்கூடப் போகலாம். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வைத்தால் காலைக்குள் முடிந்துவிடும். ஆனால் அது இழுக்கும் சுமை நான்கு ஏசி ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். சென்னையில் பல வீடுகளின் அனுமதிக்கப்பட்ட சுமையே 3, 4 கிலோவாட்தான். காருக்காக சுமையைக் கூட்டி, தேவைப்பட்டால் த்ரீ ஃபேஸுக்கும் மாற வேண்டியிருக்கும்.

எல்லோரும் மின் வாகனம் வாங்கினால் மின்சாரத்துக்கு எங்கே போவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரு சக்கர வாகனங்களைப் பொறுத்தவரை அந்தப் பயம் தேவையில்லை. 2024 கோடையில் தமிழ்நாட்டின் ஒரு நாள் மின் நுகர்வு 45 கோடி யூனிட்டைத் தொட்டது. 10 லட்சம் ஸ்கூட்டர்கள் தினமும் ஆளுக்கு 2 யூனிட் எடுத்தாலும் 20 லட்சம் யூனிட்தான். அரை சதவீதம்கூட இல்லை. மாநில அளவில் இது ஒரு சுமையே அல்ல. நெருக்கடி வருவது கீழே, தெரு அளவில். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் வரும் அடுக்குமாடிகளில் பத்துப் பதினைந்து கார்கள் ராத்திரி எட்டு மணிக்கு ஒன்றாகச் செருகப்பட்டால், மே மாதத்தில் எல்லா வீட்டு ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் செருகப்பட்டால், வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துவிடும் தெருவோர பில்லர் பாக்ஸுக்கு அது தாங்குமா என்பதுதான் விஷயம். இதற்குப் புதிய மின் நிலையம் வேண்டாம். எந்தத் தெருவில் எத்தனை வண்டி சேர்ந்திருக்கிறது என்ற விவரம் மின்வாரியத்தின் கையில் இருந்தால் போதும், டிரான்ஸ்ஃபார்மரை முன்கூட்டியே மாற்றிவிடலாம்.

இனி அடுக்குமாடிக்குள் போகலாம். சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

மாம்பலம், மந்தைவெளி, அசோக் நகர் போன்ற பகுதிகளில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய மூன்று மாடி ஃப்ளாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங், மாடிப்படிக்குக் கீழே வரிசையாக மீட்டர்கள். சிலருக்கு கார் நிறுத்த இடம் உண்டு, சிலருக்கு இரு சக்கர வாகனத்துக்கு மட்டும், சிலருக்கு எதுவுமே இல்லை. மீட்டரிலிருந்து தன் இடத்துக்கு ஒயர் இழுக்க விரும்புகிறவர் பொதுச் சுவர் வழியாகவோ மற்றவர்களின் இடத்துக்கு மேலேயோ கொண்டுபோக வேண்டும். அதற்கு அசோசியேஷன் சம்மதிக்க வேண்டும். சம்மதம் எளிதில் வருவதில்லை. ஒருவர் நெருப்புப் பயம் என்பார். இன்னொருவர் எல்லோரும் கேட்டால் சுவர் முழுக்க ஒயராகிவிடும் என்பார். மூன்றாமவர் பேசவே மாட்டார், ஆனால் கையெழுத்தும் போட மாட்டார். புதிதாகக் கட்டும் கட்டடங்களில் 20 சதவீத வாகன நிறுத்தத்துக்கு சார்ஜிங் வசதி இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019லேயே சொல்லிவிட்டன. பழைய கட்டடத்துக்கு அதனால் என்ன பயன்?

சிலர் சுருக்கு வழியாகப் பொது இணைப்பிலிருந்து, அதாவது மோட்டருக்கும் மாடிப்படி விளக்குக்கும் உள்ள காமன் மீட்டரிலிருந்து, ஒரு பாயின்ட் வைத்துக்கொள்கிறார்கள். இதில் சண்டை நிச்சயம். தமிழ்நாட்டில் அடுக்குமாடிப் பொது இணைப்புக்கு வீட்டு இணைப்பைப் போல இலவச யூனிட் கிடையாது, படிநிலைச் சலுகையும் கிடையாது. 2023இல் 10 வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் அதை யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். ஒருவருடைய வண்டிக்கான மின்சாரம் எல்லோருடைய பராமரிப்புத் தொகையிலும் ஏறினால் முதல் கூட்டத்திலேயே விஷயம் வெடிக்கும். சப்-மீட்டர் வைத்துக் கணக்கைப் பிரிப்பது நியாயமான வழி. ஆனால் மாதாமாதம் போய் ரீடிங் எடுக்க ஓர் ஆள் வேண்டும், அதற்கு யாராவது முன்வர வேண்டும்.

தன் மீட்டரிலிருந்தே எடுப்பவருக்கு வேறு ஒரு கணக்கு காத்திருக்கிறது. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம், அதன் பிறகு படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட் என்பது ஒரு பெரிய கோடு. அதைத் தாண்டினால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே இருந்த மலிவுப் படியும் போய்விடுகிறது. இதனாலேயே 501ஆவது யூனிட்டின் உண்மை விலை 200 ரூபாய்க்கு மேல். ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் பெரிய பாதிப்பு வராது. மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்டுக்குள்தான் கூடும். கார் வாங்கினால் கதை மாறும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 300 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் ஓடுகிற வீட்டில் அது 700 ஆகும். கூடுதலாக வரும் பணத்தை அந்த 300 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு சுமார் 9 ரூபாய் வருகிறது. "வீட்டுக் கரண்டு ரொம்ப மலிவு" என்று ஷோரூமில் சொல்லும் கணக்கு வேறு, இபி பில்லில் வரும் கணக்கு வேறு. அப்படியும் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். லிட்டர் நூறு ரூபாய் பெட்ரோலில் ஓடும் காருக்கு ஆறேழு ரூபாய் ஆகிறது. ஆகவே லாபம் உறுதி, சொல்லப்படும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு சட்ட வழி திறந்திருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தம், மின் வாகன சார்ஜிங்குக்கென்று நுகர்வோர் தனி இணைப்பு கேட்கலாம் என்கிறது. பெருநகரங்களில் புதிய இணைப்பு தரும் காலக்கெடுவையும் 7 நாளிலிருந்து 3 நாளாகக் குறைத்தது. தெருவில் புதிதாகக் கேபிள் போடவோ டிரான்ஸ்ஃபார்மர் மாற்றவோ தேவைப்பட்டால் இந்தக் கெடு செல்லாது. அசோசியேஷனே முன்வந்து ஸ்டில்ட்டுக்கு ஒரு தனி இணைப்பு வாங்கி, ஆளுக்கொரு சப்-மீட்டர் வைத்தால் காமன் பில் சண்டையும் இல்லை, 500 யூனிட் கோடும் இல்லை. என்னைக் கேட்டால் சென்னையின் பழைய ஃப்ளாட்டுகளுக்கு இதுதான் ஒழுங்கான தீர்வு. தெருவுக்குத் தெரு ஸ்டேஷன் வைக்கும் திட்டங்களுக்குச் செலவாவதில் ஒரு பங்கை இந்த ஸ்டில்ட் இணைப்புகளுக்குத் திருப்பினால் இன்னும் நிறைய வண்டிகள் பயன்பெறும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த வழியும் இல்லை. பல இடங்களில் ஹவுஸ் ஓனரே சப்-மீட்டர் வைத்து, இலவச யூனிட்டைக் கணக்கில் காட்டாமல், யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வசூலிப்பது ஊரறிந்த சங்கதி. அவரிடம் போய் 15 ஆம்ப் பாயின்ட் கேட்பது எப்படி? வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்துச் சந்துகளில் வண்டி தெருவில்தான் நிற்கும். அங்கே கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள வண்டிதான் சாத்தியம். அந்தப் பேட்டரியோ வீட்டுக்குள் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறும். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தை ஒன்றிய அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய பேட்டரிகள் அன்றைக்கு இருந்ததைவிடப் பாதுகாப்பானவை. ஆனாலும் காற்றோட்டமான பார்க்கிங்கில் சார்ஜ் போடுவதும், ஒற்றை அறைக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவதும் ஒன்றாகாது. பார்க்கிங் இல்லாத வீடு என்பதே இங்கே ஆபத்தின் ஒரு பகுதி.

சென்னைக்கே உரிய இன்னொரு கவலை மழை. பேட்டரிகள் பெரும்பாலும் ஐபி-67 தரத்தில் வருகின்றன. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தால் உள்ளே நீர் புகாது என்று அர்த்தம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற இடங்களில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. அந்த அளவுக்கு எந்தத் தரச்சான்றும் உறுதி தராது. கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தும் வழக்கம் மின்சாரக் கார்காரர்களுக்கு இன்னும் பொருந்தும். வண்டியை மேடேற்றிவிடலாம், சார்ஜரையும் சாக்கெட்டையும் என்ன செய்வது? தண்ணீர் ஏறும் தெருக்களில் மீட்டர் போர்டையே உயர்த்தி வைக்கிறார்கள். சார்ஜிங் பாயின்டையும் அதே உயரத்துக்குக் கொண்டுபோய், எர்த் கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் போட வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

இனி ஸ்டேஷன்கள். சார்ஜ் செய்து தருவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, உரிமம் தேவையில்லை என்று ஒன்றிய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். அப்படியிருந்தும் ஏன் வேகமாகப் பெருகவில்லை? முதலீடு முழுக்க முன்கூட்டியே போட வேண்டும்: இடம், உயர்திறன் இணைப்பு, வேகமாக ஏற்றும் டிசி சார்ஜர். வருமானமோ விற்ற யூனிட்டைப் பொறுத்தது. வண்டி வாங்கும்போது ஜிஎஸ்டி 5 சதவீதம், ஸ்டேஷனில் சார்ஜ் செய்தால் சேவைக்கு 18 சதவீதம். இதெல்லாம் சேர்ந்து வாடிக்கையாளருக்கு யூனிட் 20 ரூபாய் அளவில் வந்து நிற்கிறது. வீட்டில் 9 ரூபாய்க்குக் கிடைக்கிறவர் ஊருக்குள் அந்த விலைக்கு வர மாட்டார். வீட்டில் வசதி இல்லாதவர் மின்சாரக் காரே வாங்குவதில்லை. ஆகவே ஸ்டேஷன் காலியாக இருக்கிறது, காலியாக இருப்பதால் அடுத்த ஸ்டேஷன் வருவதில்லை.

ஸ்கூட்டர்காரர்களுக்கு இதற்கு மேல் சார்ஜர் செருகியிலும் (பிளக்) சிக்கல். கார்களில் வேக சார்ஜிங்குக்கு சிசிஎஸ்-2 என்ற ஒரே முறை நிலைபெற்றுவிட்டது. இரு சக்கர வாகனங்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் போனது. ஏதர் உருவாக்கிய முறையை இந்தியத் தரநிர்ணய அமைவனம் தேசியத் தரமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் சந்தையில் ஓடும் எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. ஒரே தெருவில் நான்கு வகை சார்ஜர் இருந்து, உங்கள் வண்டிக்கு ஒன்றுகூடப் பொருந்தாமல் போகலாம்.

ஸ்டேஷன் உண்மையிலேயே தேவைப்படும் இடம் நெடுஞ்சாலை. பாரத் பெட்ரோலியம் 2022இல் சென்னை, திருச்சி, மதுரை வழித்தடத்தில் தன் பங்க்குகளில் சுமார் 100 கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வேக சார்ஜர்களை வைத்தது. கோவையைச் சேர்ந்த சியான் போன்ற தனியார் நிறுவனங்கள் வழியோர உணவகங்களில் வைத்திருக்கின்றன. சாப்பிடும் நேரத்தில் வண்டியும் ஏற்றிக்கொள்ளும், நல்ல ஏற்பாடுதான். சாதாரண நாளில் இது போதும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய ராத்திரி பெருங்களத்தூர் தாண்டவே மூன்று மணி நேரம் ஆகிற ஊரில், விழுப்புரத்துக்கோ உளுந்தூர்பேட்டைக்கோ வந்துசேரும் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதே இரண்டு செருகிகளைத் தேடும். ஆண்டில் ஐந்தாறு நாளுக்காக எவரும் சார்ஜரை இரட்டிப்பாக்கி வைக்கப்போவதில்லை. கிளம்பும் நேரத்தை மாற்றிக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி.

இந்த ஒயர் பிரச்சினையை ஒரே அடியில் தீர்த்தது மாநகரப் போக்குவரத்துக் கழகம். உலக வங்கி உதவியோடு நடக்கும் திட்டத்தில் 625 மின்சாரப் பேருந்துகள் என்று முடிவாகி, முதல் 120 பேருந்துகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பின. ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து 135, அதில் 55 ஏசி. பேருந்தை எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட் குழுமம் தந்து இயக்குகிறது, கழகம் கிலோமீட்டர் கணக்கில் பணம் தருகிறது. இதில் சுலபம் எங்கே இருக்கிறது என்றால், பேருந்துக்கு நிலையான நிறுத்துமிடம் உண்டு, என்ன வழித்தடம், எத்தனை கிலோமீட்டர் என்பது முன்பே தெரியும். பணிமனைக்கு ஒரு முறை உயர் அழுத்த இணைப்பு கொடுத்துவிட்டால் நூறு பேருந்துக்கு வேலை முடிந்தது. அசோசியேஷன் கையெழுத்து தேவையில்லை.

பகல் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் மதியம் பெருகி, மாலையில் தேவை ஏறும் நேரத்தில் காணாமல் போகிறது. 2024 செப்டம்பரில் வந்த ஒன்றிய வழிகாட்டுதல், ஸ்டேஷன்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் வசூலிக்கலாம் என்கிறது. அந்த மலிவு நேரத்தில் வண்டிகள் எங்கே நிற்கின்றன? ஓஎம்ஆர், கிண்டி, அம்பத்தூர், ஒரகடம் அலுவலகங்களிலும் ஆலைகளிலும். வீட்டில் ஒயர் இல்லாதவருக்கு வேலை பார்க்கிற இடத்தில் ஒரு 15 ஆம்ப் பாயின்ட் கிடைத்தால் போதும். ஐடி பூங்காக்களில் கார்களுக்கு இந்த வசதி வந்துகொண்டிருக்கிறது. ஆலைகளின் இரு சக்கர வாகனக் கொட்டகைகளுக்கும் வர வேண்டும்.

வீடும் அலுவலகமும் இரண்டும் உதவாத ஒரு கூட்டம் உண்டு: உணவும் பொருளும் கொண்டுசேர்க்கும் பிள்ளைகள். ஒரு நாளைக்கு 120, 150 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். ஒரு சார்ஜ் போதாது, நடுவில் நிறுத்தி ஏற்றினால் ஆர்டர் போய்விடும். பேட்டரியை மாற்றிக்கொண்டு கிளம்பும் நிலையங்கள் அர்த்தமுள்ளவையாக இருப்பது இவர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும்தான். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா பல ஆண்டுகளாக இந்த முறைக்காக வாதாடியவர். பேட்டரி வாடகைக்கு என்றாகும்போது வண்டியின் விலை இறங்கும், ராத்திரி ஒயர் தேடும் வேலையும் இருக்காது. மாநில அரசு 2025-26 பட்ஜெட்டில் ஆப் வழியாக இப்படி வேலை பார்க்கும் 2,000 கிக் தொழிலாளர்களுக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. அந்த வண்டிகளை அவர்கள் எந்தப் பாயின்டில் செருகுவார்கள் என்பதற்கும் அதே கோப்பில் ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும்.